கேரம் பவுடர் கையிலேயே இருக்கட்டும்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. கேரம் ஆடிவிட்டு வந்தால் பவுடரில் கிருமி இருக்கிறது என்று அரை மணி நேரம் கை கழுவுகிறாள். தோல் உரிந்துவிட்டது. ‘கிருமி போயிடுச்சாம்மா?’ என்று நாள் முழுக்கக் கேட்கிறாள். டாக்டர் ஓ.சி.டி. (வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் மனநலச் சிக்கல்) என்கிறார், விளையாட்டு மூலம் சிகிச்சை தரலாம் என்கிறார். விளையாடினால் சரியாகிவிடுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சும்மா விளையாடினால் சரியாகாது. பயப்படுகிற பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல் இருந்து பழகுவதுதான் சிகிச்சை. அதை 6 வயதுப் பிள்ளை செய்ய ஒத்துக்கொள்ளும் வழி, விளையாட்டு. சிகிச்சையாளர் படிகளை வகுத்துத் தருவார். வீட்டில் தினமும் 15, 20 நிமிடம் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் அந்தத் தொல்லைக்கு அவளே ஒரு பெயர் வைக்கட்டும். ‘நைநை’ என்று வைத்தாள் என்று கொள்வோம். பிறகு 5 கேரம் காய் கொடுத்து, பயம் எவ்வளவோ அத்தனை காயை அடுக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக்கரைத் தொட 1 காய், பவுடர் பலகையில் உள்ளங்கை வைக்க 2, அதே கையால் தலையணையைத் தொட 4 என்று வரும். 2 காயில் தொடங்குங்கள். ஆடி முடித்ததும் அதே கையோடு படம் வரையட்டும். அவ்வப்போது காய் அடுக்கச் சொல்லுங்கள். 2 காய் 1 ஆகும்வரை குழாயடிக்குப் போகக் கூடாது. பாவம் என்று பாதியில் விட்டால், கழுவியதால்தான் பயம் போனது என்றே மனதில் பதியும். அழுது பின்வாங்கினால் படி பெரிது. ஒரு விரல் நுனியோடு ஆரம்பியுங்கள். இழுத்துப் பிடித்துத் தொடவைக்காதீர்கள்.

கையைப் பாவாடையில் ரகசியமாகத் துடைக்கிறாளா, வாய்க்குள் எண்ணுகிறாளா என்று கவனியுங்கள். அதுவும் கழுவுவதற்குச் சமம். சில பிள்ளைகளுக்கு ஆட்டமே சடங்காகிவிடும்: நடுவில் காய் ஒன்று நகர்ந்தாலும் முதலிலிருந்து அடுக்குவார்கள். அப்போது ஒரு காயைக் கோணலாக வைத்தே ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

‘போயிடுச்சுடா கண்ணு’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தீனி. ‘இது நீ கேக்கறியா, நைநை கேக்குதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புங்கள். அப்பாவும் ஆயாவும் இதையே சொல்ல வேண்டும். ஒருவர் இளகினால் அவரிடமே போய் நிற்பாள். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிற வீட்டில் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் திட்டினால் பயம் கூடும். சாப்பிடும் முன்பும் கழிவறைக்குப் போய்வந்த பின்பும் சோப்பு போட்டு 20 விநாடி, ஒரே தடவை கழுவலாம். ஸ்டார் ஸ்டிக்கர் கொடுத்தால் முயற்சி செய்ததற்குக் கொடுங்கள். பயப்படாமல் இருந்ததற்கு அல்ல.

பெற்றோரையும் சேர்த்துத் தரும் இந்தச் சிகிச்சையை அமெரிக்காவில் 5 முதல் 8 வயது வரையான 127 குழந்தைகளிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 14 வாரத்தில், இதைப் பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 41 சதவீதம்.

உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தொண்டை வலி, காய்ச்சலை அடுத்து ஒரே நாளில் இதெல்லாம் திடீரென்று தொடங்கியிருந்தாலோ, சாப்பாட்டையே மறுத்தாலோ, காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.