கால்நடை கேள்வி–பதில்: மாட்டுக் கடனுக்கு நபார்டு மானியம் உண்டா?

கேள்வி: ஒரு கலப்பின மாடு வைத்திருக்கிறேன், பாலைத் தனியார் வண்டிக்கு ஊற்றுகிறேன். இன்னொரு மாடு வாங்க நபார்டு மானியக் கடன் வாங்கித் தருவதாகவும், கடனில் கால் பங்கு தள்ளுபடி என்றும் ஒருவர் சொல்கிறார். செலவுக்கு ஐயாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? வேறு என்ன சலுகை இருக்கிறது?
— வாசகி, செங்கம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் சொல்வது ஒரு காலத்தில் இருந்த திட்டம்தான். 2010-ல் தொடங்கியது. பொதுப்பிரிவினருக்கு 25 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 33.33 சதவீதம் மானியம் கொடுத்தார்கள். 2020-21-லேயே நிறுத்தியாகிவிட்டது. அப்போதும் நபார்டு என்ற விவசாய மேம்பாட்டு வங்கி யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுத்ததில்லை, வங்கி வழியாகத்தான் வந்தது. செத்துப்போன திட்டத்தின் பேரைச் சொல்லி இன்னமும் ஊர் ஊராக வசூல் நடப்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது. தேசிய கால்நடை இயக்கத்தில் பாதி மானியம் என்றும் சிலர் சொல்வார்கள். அது கோழி, ஆடு, பன்றி, தீவனத் தொழிலுக்கு. கறவை மாடு வாங்க அதில் பணம் இல்லை. நீங்கள் பட்டியல் இனத்தவர் என்றால் தாட்கோ என்ற அரசுக் கழகத்தில் கேளுங்கள். 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் வரை மானியம் உண்டு.

இப்போது கைக்கு வருகிற பணத்தைப் பார்ப்போம். 2023 டிசம்பர் 18 முதல் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையை அரசு கொடுக்கிறது. வண்டிக்கு ஊற்றினால் அது கிடையாது. இரண்டு மாடும் சேர்ந்து சங்கத்துக்கு 16 லிட்டர் ஊற்றினால் நாளுக்கு 48 ரூபாய். வருடத்தில் 300 நாள் கறவை என்றாலும் 14,400 ரூபாய். 1,20,000 ரூபாய்க் கடனில் அந்தப் பழைய மானியம் 30,000 வந்திருக்கும். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய அதே தொகை இங்கேயே வந்துவிடுகிறது. வண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அதை முடித்துவிட்டு சங்கத்தில் உறுப்பினராகுங்கள். கொழுப்பும் இதர சத்தும் எவ்வளவு என்று காட்டும் சீட்டைத் தினமும் கேட்டு வாங்குங்கள். விலை அதை வைத்துத்தான்.

தவிடு, புண்ணாக்கு, மருந்துச் செலவுக்கு கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. மாடு வளர்ப்புக்கு 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் ஆகும்.

காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. நான் மருத்துவராக இருந்தபோது, நிறைசினை மாடு ஒன்று இடி விழுந்து செத்தது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். ஆனால் கட்டுத்தறியில் உரசிக் காது கிழிந்து, அதில் மாட்டியிருந்த மஞ்சள் அடையாள வில்லை எப்போதோ விழுந்திருந்தது. அந்தப் பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல், இன்ன மாடுதான் என்று காட்ட வழியில்லை. பணம் வரவில்லை. மாட்டை வளர்த்த அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பால் கறக்கும்போதே காதைத் தடவிப் பாருங்கள். வில்லை விழுந்தால் அன்றைக்கே மருந்தகத்தில் சொல்லி வேறு போட்டு, புது எண்ணைக் காப்பீட்டிலும் பதியச் சொல்லுங்கள்.

அந்த ஆள் ஆதார் நகலோ கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளோ வாங்கியிருந்தால் உடனே திருப்பி வாங்கிவிடுங்கள். உங்கள் பேரில் வேறெங்காவது கடன் விண்ணப்பம் போயிருக்கிறதா என்று வங்கிக் கிளையிலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.