கும்மிப் பாட்டுக்குச் சொந்த லேபிள்: வாசகர் கேள்வி – பதில்

எங்க வள்ளி கும்மிக் குழுவோட பத்துப் பாட்டைப் பதிவு செஞ்சு சொந்த லேபிள்ல – பாட்டு வெளியிடுற எங்க கம்பெனி பேர்ல – வெளியிட அண்ணனும் நானும் இருக்கோமுங்க. பாதி அப்பாரு காலத்துப் பாட்டு, மீதி ஆசிரியரே கட்டினது. மொதல்ல என்ன செய்யோணுங்க?
– வாசகி, அன்னூர்

ஸ்டுடியோவில் தேதி வாங்கும் முன் ஆசிரியரோடு உட்கார்ந்து பாட்டுகளைப் பிரித்து எழுதுங்கள். வழிவழியாக வந்த வரிக்கும் மெட்டுக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆசிரியர் கட்டியது அவருடையது. பழைய பாட்டில் அவர் புதிதாகச் சேர்த்த அடிகளும் அப்படித்தான். ஒலிப்பதிவு மட்டுமே, தயாரிக்கும் உங்களுடையது. அந்த உரிமை, வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள்.

அவர் பாட்டுக்கான உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். இணையத்தில் ஏற்றிய பாட்டு சிங்கப்பூரிலும் ஓடும். ஆகவே ‘உலகம் முழுவதும்’ என்ற சொல் பத்திரத்தில் இருக்க வேண்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும். பத்துப் பாட்டுக்கும் எழுதி வாங்கி நாலை மட்டும் வெளியிடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

‘ராயல்டி வேண்டாம்’ என்று எழுதி வாங்க நினைக்காதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு அது செல்லாது. செல்லாமல் போனது நல்லதே. தன் வரியும் மெட்டும் ஈட்டும் ராயல்டியில் ஆசிரியருக்கு உங்களுக்குச் சமமான பங்கு உண்டு.

கோயில் மைதானத்தில் ஸ்பீக்கர் வைத்து ஆடவிட்டுப் பதிவு செய்தோம். கைதட்டு தாளத்துக்குப் பின்னாலேயே விழுகிறது. ஆடியவர்கள் பழகியவர்கள்தான். ஏன்?
– வாசகர், பெருந்துறை

ஆடியவர்கள் மேல் தவறில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குத் தாளம் 0.05 நொடி தாமதமாக வருகிறது. அவர் தட்டியது மேடையிலிருக்கும் மைக்குக்குத் திரும்ப இன்னொரு 0.05. கூட்டினால் 0.1 நொடி; விரைவு நடையில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்தில் நிற்பதால் பிறகு மிக்ஸிங்கில் நகர்த்தியும் சரியாகாது.

குரலையும் தாளக் கருவியையும் முதலில் அறைக்குள் பதிவு செய்யுங்கள். பிறகு பத்துப் பேரை 3 மீட்டர் வட்டத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் ஒரு காதில் ஹெட்ஃபோன் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். நாலு தடவை எடுத்து அடுக்கினால் நாற்பது பேர் தட்டிய நிறைவு வரும். ஒவ்வொரு தடவையும் ஆட்களை இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே தட்டு பெருத்த மாதிரிதான் கேட்கும். அப்போது சலங்கையைக் கழற்றிவிட்டு, அதைத் தனியாக எடுங்கள். அதன் கூர்மையான ஒலி ‘ச’கர எழுத்துகளை விழுங்கிவிடும்.

லேபிள் நடத்தச் சென்னைக்குப் போயே ஆகணுமா?
– வாசகர், பொள்ளாச்சி

வேண்டாம். இசைத்தட்டுக் காலத்தில் அச்சிடும் ஆலை இருந்த இடமே தொழிலைத் தீர்மானித்தது. 1908-ல் கல்கத்தாவில் ஆலை வந்தது. கோவையில் பட்சிராஜா போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் இருந்தன, ஆனால் தட்டு வெளியிலிருந்துதான் வரவேண்டும். இன்று அனுப்புவது கோப்பு மட்டும்: 24 பிட் வேவ் ஒலிக்கோப்பு, 3000 பிக்சல் சதுர அட்டைப்படம், பாட்டுக்கு ஒன்றாக பதிவை அடையாளம் காட்டும், 12 எழுத்து–எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு. வெளியீட்டுக்கு நாலு வாரம் முன்பே, பாட்டுச் செயலிகளில் ஏற்றித்தரும் விநியோகஸ்தரிடம் கொடுங்கள். பாடியவர் பெயரைப் பத்துப் பாட்டிலும் ஒரே எழுத்தில் கொடுங்கள். ஓர் இனிஷியல் மாறினாலும் செயலியில் அவர் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடலாம்.