நர்ஸம்மா பதில்கள்: வாத்தியாருக்கு டியூஷன் தேவையா?

(தேனி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். பொய்ச் செய்திகளைச் சரிபார்க்கும் தன்னார்வக் குழுக்களில் இருப்பவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்தன. அவற்றிலிருந்து சில.)

கம்பம், குமுளி, வண்டன்மேடு ஆட்கள் சேர்ந்து, வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைச் சரிபார்த்துச் சொல்கிறோம். கேரளத்து வண்டிப்பெரியாறில் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், எங்கோ வெளிநாட்டு அணையின் படத்தை 'முல்லைப் பெரியாற்றில் விரிசல்' என்று அனுப்பினார். எங்கள் குழுப் பையன் ஒருவன் அவர் பெயர், செல் நம்பர், போட்டோ எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'வாத்தியாருக்கே டியூஷன் தேவை' என்று எழுதி ஊர்க் குரூப்புகளில் விட்டுவிட்டான். கேட்டால், பொய்யைத்தானே அம்பலப்படுத்தினேன் என்கிறான். அவன் சொல்வது சரியா?
— கல்லூரி மாணவி, கம்பம்

அம்பலமானது வாத்தியார்தான், தாயி. அந்தப் படம் எந்த ஊர் அணை, எப்போது எடுத்தது என்று அதில் ஒரு வரியாவது இருந்ததா? இருந்திருந்தால் எனக்கும் எழுதியிருப்பாய். டியூஷன் கேலியைத்தான் எழுதியிருக்கிறாய். ஊரும் அதைப் படித்துச் சிரித்திருக்கும். அணையில் விரிசல் உண்டா இல்லையா என்ற பயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

அணையைப் பற்றி ஒரு பொய் வந்தால் அதை நம்புகிறவரை நம் பக்கத்தில் யாரும் முட்டாளாக நினைக்கக் கூடாது. 1895-ல் கட்டி முடித்த அணை அது. நம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் அது போகிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, உப்புத்தறைப் பக்கம் ஆற்றோரம் படுக்கிறவர்களுக்கோ மழை வலுத்தால் தூக்கம் வராது. 2011 டிசம்பரில் இந்தப் பயமும் கோபமும் சேர்ந்து எப்படி வெடித்தது என்று உன் அம்மாவைக் கேள். குமுளிப் பாதை அடைபட்டது, வண்டிகளை உடைத்தார்கள், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போன நம் பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் பயம் ஓயவில்லை. 2018 வெள்ளத்தின்போது அணையைப் பற்றிப் பொய்ச் செய்திகள் சுற்றின. 2024-ல் வயநாட்டில் நிலச்சரிவு வந்ததும் அதே பேச்சு மறுபடி கிளம்பியது. வாத்தியார் அணைக்குக் கீழே குடியிருக்கிற மனுசன். தமிழர் என்பதால் அங்கே அணையைப் பற்றி வாய் திறக்கவும் யோசிப்பார். அவர் ஒரு விரிசல் படத்தைப் பார்த்துப் பதறி நாலு பேருக்கு அனுப்பினார் என்றால் எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நான் ஊசி போடும் வேலையில் இருந்தவள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் வந்தது. ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயது வரை எல்லாருக்கும். அந்த ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த பொய் கொஞ்சநஞ்சமில்லை. ஊசிக்குப் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாத வீடுகள் இருந்தன. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஒரு வீட்டு வாசலில் நின்று, "படிச்சிருக்கீங்க, அறிவு வேணாமா?" என்று சத்தம் போட்டாள். கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த வீட்டோடு போகவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் வேறு யாரும் எங்களுக்கு வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தெருவில் ஒரு அம்மா தன் போனை என் கையிலேயே கொடுத்து, "இதைப் பாருங்க நர்ஸம்மா, பயமா இருக்கு" என்றார். பார்த்தேன். இதில் எது உங்களை ரொம்பப் பயமுறுத்துது என்று கேட்டேன். ஊசியைவிட, போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் யார் வருவார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. என் நம்பரைக் கொடுத்தேன். பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

உங்கள் குழுவுக்கு வேண்டியது அந்த அம்மா போனைக் கையில் கொடுத்தாரே, அதுதான். சந்தேகமான செய்தி உங்களிடம் வந்தால்தானே நீங்கள் சரிபார்க்க முடியும்? வாத்தியாரை அசிங்கப்படுத்தியதைப் பார்த்த எவரும் இனி உங்களிடம் எதையும் காட்ட மாட்டார். அனுப்புவதை மட்டும் நிறுத்த மாட்டார்; நீங்கள் இல்லாத குரூப்பில் அனுப்புவார்.

இன்னொன்றையும் அந்தத் தம்பியிடம் சொல். ஒரு தனி ஆளின் முகத்தையும் நம்பரையும் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிப் போடுவது விளையாட்டு இல்லை. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பரவிய வதந்தியில் வேலூர், திருவள்ளூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஒன்றும் அறியாதவர்களை அடித்தே கொன்றார்கள். திருவண்ணாமலைப் பக்கம் செத்தது குலதெய்வம் கும்பிட வந்த வயசான அம்மா. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு அறிவித்தது அந்த வருசம் ஜூலையில். அந்த மாதிரிக் கூட்டத்தைத் தடுக்கக் கிளம்பிய நீங்களே ஒரு ஆளைக் கூட்டத்துக்குக் காட்டிக் கொடுக்கலாமா?

இப்போது செய்ய வேண்டியது: ஸ்கிரீன்ஷாட் போன குரூப்புகளிலெல்லாம் அதை அழிக்கச் சொல்லுங்கள். அந்தத் தம்பி வாத்தியாருக்குப் போன் போட்டு, "ஐயா, செஞ்சது தப்பு" என்று தன் வாயால் சொல்லட்டும். அட்மின் அவனுக்காகச் சொல்லக் கூடாது. பிறகு படத்தைப் பற்றி மட்டும் ஒரு பதிவு எழுதுங்கள். முதல் வரியில் அணையின் இன்றைய நீர்மட்டம். அடுத்து, இந்தப் படம் இன்ன நாட்டு அணை என்பது. பொய்யை ஒரு தடவைக்கு மேல் திருப்பிச் சொல்ல வேண்டாம். பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றால் மேடையில் பேசுகிற அரசியல்வாதி, சேனல், லட்சம் பேர் பார்க்கிற யூடியூபர் இவர்களைப் போடுங்கள். பொதுவில் பேசியவருக்குப் பொதுவில் பதில் சொல்லலாம். பதறிப் போன வாத்தியாருக்கு ஒரு போன் போதும்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் மலையாளிகள். தமிழ்நாட்டில் கிளம்பும் பொய் என்றால் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்து விடுகிறார்கள். கேரளத்தில் கிளம்பியது என்றால் "பார்க்கலாம்" என்பார்கள். நாங்களும் அப்படித்தான், மறைக்க மாட்டேன். கோபம் வந்தால் அவர்கள் 'பாண்டி' என்பதும் நம்மவர்கள் 'மலையாளத்தான் புத்தி' என்பதும் நடக்கிறது. "தமாசுதானே" என்று அட்மின் விட்டுவிடுகிறார்.
— ஜீப் ஓட்டுநர், குமுளி

தமாசா இல்லையா என்பதை அதைக் கேட்டவர் சொல்லட்டும், தம்பி. இந்த இரண்டு வார்த்தைகளும் குழுவுக்குள் வரக் கூடாது என்று இரண்டு மொழியிலும் எழுதி வையுங்கள். முதல் தடவை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடுத்த தடவை கொஞ்ச நாள் வெளியே நிறுத்துங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

யார் பொய்யை யார் பார்ப்பது என்பதுதான் பெரிய விஷயம். மாற்றிப் போட்டுப் பாருங்கள். கேரளத்தில் கிளம்பிய பொய்யைக் குமுளி மலையாளி சரிபார்க்கட்டும். இங்கே கிளம்பியதைக் கம்பத்துக்காரர் சரிபார்க்கட்டும். தன் வீட்டுப் பொய்யைத் தானே சொல்லும்போதுதான் தன் ஆட்கள் கேட்பார்கள். நான் போய்க் கட்டப்பனைக்காரரிடம் "உங்கள் சேனல் சொன்னது பொய்" என்றால் அவர் காதில் ஏறுமா? அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. கண்ணூர் மாவட்டத்தில் 2018-லேயே அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். அங்கேயும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வதந்தியால் எதிர்ப்பு வந்திருந்தது. உங்கள் குழுவில் ஆசிரியர் யாராவது இருந்தால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். 'பாண்டி' சண்டையைவிடப் பிரயோஜனம்.

குழுவில் நான் ஒரு வீடியோவைச் சரிபார்த்துப் போட்டால், மூத்த உறுப்பினர் ஒருவர் இரவில் தனியாக மெசேஜ் அனுப்புகிறார். முதலில் பாராட்டு. இப்போது "தூங்கலையா", "போட்டோ மாத்துங்க". குழுவில் அவர்தான் அதிகம் வேலை செய்கிறவர். சொன்னால் குழு உடைந்துவிடுமோ?
— பெயர் வேண்டாம், போடி

உடைந்தால் உடையட்டும். அவர் ஆயிரம் பொய்யைப் பிடித்திருந்தாலும் உனக்கு இரவில் மெசேஜ் அனுப்ப அது அனுமதிச் சீட்டு இல்லை. மெசேஜ்களை அழிக்காதே. எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அட்மின்களில் ஒரு பெண் இருந்தால் அவரிடம் முதலில் காட்டு. பெண் அட்மின் இல்லாத குழு என்றால் அதுவே ஒரு குறை என்று நான் சொன்னதாகச் சொல். விசாரிக்கும்போது அந்த ஆள் அட்மின் பொறுப்பில் இருக்கக் கூடாது. உன்னைக் கேட்காமல் உன் பெயரைக் குழுவில் சொல்லக் கூடாது. மிரட்டல் வந்தால் 181-க்குக் கூப்பிடு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெண்களுக்கான உதவி எண் அதுதான். வாத்தியாரிடம் பொறுமையாக இரு என்று மேலே எழுதியவள்தான் இதையும் எழுதுகிறேன். பயந்து அனுப்புகிறவர் வேறு, துணிந்து அனுப்புகிறவர் வேறு.

மாமியார் தினமும் காலையில் மஞ்சள், மிளகு, எலுமிச்சை வைத்தியமாக நாற்பது ஃபார்வர்டு அனுப்புகிறார். ஒவ்வொன்றுக்கும் 'பொய்' என்று பதில் போடலாமா?
— சின்னமனூர்

போடாதே, வீட்டில் சமைக்கவும் வேண்டுமே. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற செய்தி வந்தால் மட்டும் நேரில் உட்கார்ந்து பேசு. மிளகு ரசத்தால் யாரும் சாகவில்லை.

லோயர் கேம்ப்புக்கு மேலே மலைப்பாதையில் பாறை விழுந்து வழி மறித்திருக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. எங்கள் குழு அவசரப்பட்டு 'பழைய வீடியோ, பொய்' என்று போட்டது. செய்தி உண்மை. எங்களை நம்பிக் கிளம்பிய ஜீப்புகள் பாதி வழியில் நின்றன. தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு நாள் கூலி போனது. அட்மின் பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார். கேட்டதற்கு, "குழுவின் பேரைக் கெடுக்காதே" என்று என் மேல் பாய்கிறார்.
— கூடலூர்

பதிவை அழித்ததில்தான் பேர் கெட்டது. செய்தி சரிபார்க்கும் அமைப்புகள் 2016-ல் உலக அளவில் தங்களுக்கு ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டார்கள். பக்கம் சாயாமை, ஆதாரத்தைக் காட்டுதல், பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லுதல், எப்படிச் சரிபார்த்தோம் என்று விளக்குதல் ஆகியவற்றோடு, தப்பை வெளிப்படையாகத் திருத்துவதும் அதில் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்களே தாங்கள் தப்பு செய்வோம் என்று எதிர்பார்த்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். உங்கள் அட்மின் மட்டும் தப்பே வராது என்று நினைத்தால் எப்படி?

கேள்வி கேட்டவர் மேல் பாய்வதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். இன்றைக்கு உன் வாயை அடைத்தால், அடுத்த தடவை தப்பைப் பார்க்கிறவர் பேசாமல் இருந்துவிடுவார். அழித்த பதிவு போன குரூப்பிலெல்லாம் திருத்தம் போக வேண்டும்: நாங்கள் பொய் என்றோம், உண்மை, இன்ன இடத்தில் அவசரப்பட்டோம். யார் தப்பாகப் பார்த்தார் என்ற பெயர் தேவையில்லை. குழு போட்டது, குழு திருத்தட்டும். பாதை, மழை, அணை பற்றிய செய்தியை இருவர் பார்க்காமல் போடக் கூடாது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரில் ஒருவர் அந்தப் பாதையில் ஓடுகிற ஓட்டுநராக இருந்தால் நல்லது.

ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற பெண்களில் பல பேரிடம் வாட்ஸ்அப் இருக்காது. விடிவதற்கு முன்னால் அங்கே போனால்தான் பார்க்க முடியும். அட்மினையும் கூட்டிக்கொண்டு போ. வர மாட்டேன் என்றால் நீ மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வா.