பூட்டிய பீரோவும் தணிக்கைப் பயமும்: தொடக்கப் பள்ளி நூலகப் பொறுப்பாளருக்கு

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் தளி ஒன்றியத்தில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இந்த ஆண்டு நூலகப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரும்பு பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்குக் கொடுத்துத் தொலைந்துபோனால் தணிக்கையில் என் கைப்பணத்தைக் கட்ட நேருமோ என்று அஞ்சுகிறேன். நூலகவியல் படிக்காத நான் இவற்றை எப்படிப் பிரித்து அடுக்குவது? பாதிக் குழந்தைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் என்பது இன்னொரு சிக்கல்.

பதில்: உங்கள் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். பல பள்ளிகளில் புத்தகம் பீரோவை விட்டு வெளியே வராததற்கு இடமின்மையை விடவும் நிதிக்குறைவை விடவும் இந்த அச்சமே பெரிய காரணம் என்பது என் கருத்து. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதாகும். பயன்படுத்தினால் சில தொலையத்தான் செய்யும் என்பதை அரசு விதிகளே ஒப்புக்கொள்கின்றன. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், நூலகத்தில் ஓராண்டில் வழங்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் நூல்களுக்கும் ஐந்து வரை தொலைவதை, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத நிலையில், இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கின்றன. அவ்விதி மாநில அரசுப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இழப்பு என்றாலே குற்றம் என்று யாரும் கருதவில்லை என்பதற்கு அது போதிய சான்று. தணிக்கையில் சிக்கலாவது பெரும்பாலும் தொலைந்த புத்தகம் அன்று, எழுதப்படாத பதிவேடுதான்.

ஆகவே, பொறுப்பேற்கும்போதே முன்பு பொறுப்பில் இருந்தவரையும் தலைமையாசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு, இருப்புப் பதிவேட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாதவற்றையும், கரையான் அரித்துப் பயனற்றுப் போனவற்றையும் தனித்தனிப் பட்டியலாக எழுதி மூவரும் கையொப்பமிடுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டால், பத்தாண்டுக்கு முன் காணாமல் போனதும் உங்கள் கணக்கில் வந்து சேரும். பயனற்றவை என்று நீங்கள் கருதும் புத்தகங்களை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி, ஒப்புதல் வந்த பின்னரே பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். புதிதாக வரும் நூலுக்கு வரிசை எண், வந்த நாள், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, வாங்கியதா அன்பளிப்பா என்ற விவரம் ஆகியவற்றை எழுதினால் போதும். பள்ளி முத்திரையைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலும், நீங்களே முடிவுசெய்துகொண்ட ஓர் உட்பக்கத்திலும் இடுங்கள். படக்கதைகளில் படத்தின்மேல் குத்திவிட வேண்டாம்.

வீட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நீளக் கோடிட்ட நோட்டு ஒன்றில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, புத்தக எண், கொடுத்த நாள், திரும்பிய நாள் என மூன்று பத்திகள் வரைந்தால் வழங்கல் பதிவேடு முடிந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இருவர் இதை முறைவைத்து எழுதட்டும்; நீங்கள் வாரம் ஒருமுறை பார்த்துச் சுருக்கொப்பமிட்டால் போதுமானது. அபராதம் வசூலிப்பதை நான் அறவே ஏற்கவில்லை. கிழித்ததற்கு ஐந்து ரூபாய் கட்டிய குழந்தை அடுத்த வாரம் புத்தகத்தைத் தொடாது; அதன் தாயும் தொடவிட மாட்டார். வேலை தேடிப் பெங்களூருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்துவிடும் குழந்தைகள் இம்மாவட்டங்களில் உண்டு. அவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும்போது புத்தகத்தை நினைவூட்டிக் கேட்கலாமே தவிர, அதற்காகச் சான்றிதழை நிறுத்திவைக்கக் கூடாது. கேட்டவுடன் மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது.

அடுக்குவதற்கு, பெரிய நூலகங்களில் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி முறையோ கோலன் முறையோ தேவையில்லை. முந்நூறு புத்தகத்துக்கு அவை சுமைதான். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை குழந்தைகளின் வாசிப்பை வளர்க்க நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வருகின்றன. அதே நான்கு பெயர்களுக்கு நான்கு நிறத் தாள்பட்டைகளை வைத்து, பீரோவிலுள்ள பழைய கதைப் புத்தகங்களையும் தரம் பிரித்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருப்பது எந்த நிறம், பத்தி பத்தியாக ஓடுவது எந்த நிறம் என்று முடிவுசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும். மெல்லிய புத்தகங்களை அடுக்கினால் முதுகில் பெயர் தெரியாது. ஆகவே வகுப்பறைச் சுவரில் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டி, அட்டை தெரியும்படி தொங்கவிடுங்கள்.

மொழிச் சிக்கல்தான் உங்கள் கேள்வியில் மிக முக்கியமானது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து புதிது, கதை புதிதன்று. முதலில் எழுத்தே இல்லாத படக்கதையை எடுங்கள். நாயின் படத்தைக் காட்டி, இது என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஒரு குழந்தை தெலுங்கில் "குக்க" என்று தொடங்கினால் இடைமறிக்காமல் முழுவதையும் சொல்லவிட்டு, அதே நிகழ்ச்சியை நீங்கள் தமிழில் ஒரே வரியாகத் திருப்பிச் சொல்லுங்கள். நான்கைந்து பக்கங்களுக்குப் பின் அவ்வரியைக் குழந்தைகளே உங்களுக்கு முன்பாகச் சொல்லிவிடுவார்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை தமிழ், தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகளிலும் பல நேரம் கிடைக்கிறது; கட்டணமின்றி இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பெரிய குழந்தைகளுக்கு இன்னொரு வேலை கொடுங்கள். பாட்டி சொன்ன கதையையோ, ஊர் எல்லையில் நிற்கும் நடுகல்லைப் பற்றி வீட்டில் சொல்வதையோ கேட்டு வந்து தமிழில் எழுதிப் படம் வரையச் சொல்லுங்கள். நடுகற்கள் நிறைந்த இப்பகுதியில் விஷயத்துக்குப் பஞ்சமிராது. அத்தாள்களை நூலால் தைத்து, அவற்றுக்கும் தனி எண் கொடுத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள். மற்ற எதைக் காட்டிலும் அவைதான் அதிகம் கைமாறும்.

கிழிந்த பக்கத்துக்குச் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம்; ஓரிரு ஆண்டில் மஞ்சளாகிப் பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத்தாள் பட்டையும் வெள்ளைப் பசையும் போதும். மைதாப் பசை பூச்சியை அழைத்து வரும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள்.

புதிய நூல்களுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்த் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. தேர்வு உங்கள் கையில் இருந்தால், ஒரே கட்டாகப் பொது அறிவு, நன்னெறிக் கதை என்று வாங்காமல், தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ புத்தகத் திருவிழா நடக்கும்போது நேரில் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் இரண்டு குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்தில் ஊர்ப்புற நூலகமோ கிளை நூலகமோ இருந்தால் அங்குள்ள நூலகரோடு பழகிக்கொள்வதும் நல்லது.

ஆண்டுச் சரிபார்ப்பை ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். அப்போதுதான் விடுமுறைக்கு முன்பாக ஆளுக்கு இரண்டு புத்தகங்களைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தனுப்ப முடியும். மே மாதம் முழுவதும் அவை வீடுகளில் இருப்பதற்கு எந்த விதியும் தடையில்லை.