சிபில் ஸ்கோர் கூடவே வராது: அமெரிக்கா செல்வோருக்கான கேள்வி பதில்

வேலைக்காகவும் படிப்புக்காகவும் சென்னையிலிருந்து அமெரிக்கா செல்வோர் அனுப்பிய கேள்விகளுக்கு, வெளிநாடு வாழ் இந்தியர்களின் கணக்குகளைக் கவனித்துவரும் தியாகராய நகர் ஆடிட்டர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (வேளச்சேரி): என்னுடைய சிபில் ஸ்கோர் 810. வீட்டுக் கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அலுவலகத்தில் டாலஸுக்கு மாற்றுகிறார்கள். இந்த ஸ்கோர் அங்கே செல்லுபடியாகுமா, சார்?

பொதுவாக ஆகாது. சிபிலின் உரிமையாளரான டிரான்ஸ்யூனியன்தான் அமெரிக்காவின் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களுள் ஒன்று (மற்றவை எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ்) என்றாலும், இங்குள்ள உங்கள் கடன் கோப்பு அங்கே தானாகப் போய்ச் சேர்வதில்லை. அங்கு பரவலாகப் பயன்படும், சிபில் போன்ற கடன் மதிப்பெண்ணான ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரையிலானது. ஒரு கணக்காவது ஆறு மாதம் நடப்பில் இருந்தால்தான் அந்த ஸ்கோரே உருவாகும். உங்களிடம் இந்தியாவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு இருந்தால், அதை மூடிவிடாமல், அந்த உறவைக் காட்டி அமெரிக்கக் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): மகன் எம்.எஸ். படிக்கப் போகிறான். சம்பளமே இல்லாதவனுக்கு யார் கிரெடிட் கார்டு கொடுப்பார்கள்?

கொடுப்பார்கள், அம்மா. 200 டாலர் போன்ற ஒரு தொகையை வங்கியில் வைப்பாகக் கட்டி, அதையே கடன் வரம்பாகக் கொண்ட செக்யூர்ட் கார்டு வாங்குவது எளிய வழி. அங்கே இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ தம் கார்டில் அவனைக் கூடுதல் பயனராகச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அவர்கள் தவணை தவறினால் அந்தக் கறை இவன் கோப்பிலும் படியக்கூடும் என்பதால், அவர்களுடைய பணப் பழக்கம் தெரிந்த பிறகே சம்மதியுங்கள்.

கேள்வி (அண்ணா நகரிலிருந்து நியூ ஜெர்சி சென்றவர்): மாதாமாதம் கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டுகிறேன். ஆனாலும் ஸ்கோர் குறைகிறது. ஏன்?

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. ஃபைகோவில் ஒழுங்காகக் கட்டுவதற்கு 35 சதவீதமும், வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதை உள்ளடக்கிய கடன் நிலுவைக்கு 30 சதவீதமும் எடை உண்டு. நீங்கள் கவனிப்பது பணம் கட்டவேண்டிய கடைசித் தேதியை. வங்கி பெரும்பாலும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு நிலுவையைத் தெரிவிப்பதோ, அந்த மாதக் கணக்கை முடித்து பில் போடும் ஸ்டேட்மென்ட் தேதியில். உங்கள் வரம்பு 500 டாலர், ஸ்டேட்மென்ட் தேதி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கும் செல்போனுக்குமாக 400 டாலர் செலவழித்து, அதை அடுத்த மாதம் 15ஆம் தேதி முழுதாகக் கட்டினாலும், கோப்பில் ஏறுவது 80 சதவீதப் பயன்பாடுதான். அதற்குப் பதிலாக 17ஆம் தேதியே 350 டாலரைக் கட்டிவிட்டால், ஸ்டேட்மென்ட்டில் 50 டாலர், அதாவது 10 சதவீதம் மட்டுமே தெரியும். அந்த ஐம்பதைக் கடைசித் தேதிக்குள் கட்டினால் வட்டியும் இல்லை. ஸ்கோரை வளர்க்க வேண்டுமென்றே பாக்கி வைத்து வட்டி கட்டச் சொல்லும் அறிவுரையை நம்பாதீர்கள்.

கேள்வி: போனவுடன் கார் கடன் வாங்கலாமா?

ஆறு மாதம் பொறுப்பது நல்லது. அவசரமென்றால், பல இடங்களில் வட்டி விசாரிப்பதை 14 நாள்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கடன் கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பில் ஒரு விசாரணை பதிவாகி ஸ்கோர் சற்றுக் குறையக்கூடும்; இப்படி முடித்தால் ஃபைகோ அவற்றை ஒரே விசாரணையாகக் கணக்கிடும்.

கேள்வி (மயிலாப்பூர்): இங்குள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? வீட்டு வாடகை அதில்தான் வருகிறது.

விடக்கூடாது. வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றபின் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். வாடகை, ஓய்வூதியம் போன்ற இந்திய வருமானம் அதில் வரும். அங்கிருந்து அனுப்பும் டாலருக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு திறந்துகொள்ளுங்கள். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை முதிர்வுவரை தொடரலாம், புதிதாகத் திறக்க முடியாது. பலருக்குத் தெரியாத ஒன்று: உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவரானால், வாடகைக்கு இருப்பவர் வரி பிடித்துக்கொண்டுதான் வாடகை தரவேண்டும். இதைக் குடிவருபவரிடம் முதலிலேயே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

கேள்வி (தாம்பரம்): அப்பாவுடன் கூட்டாக உள்ள வைப்புநிதியை அமெரிக்காவில் சொல்ல வேண்டுமா? பணம் முழுவதும் அவருடையது.

அந்நாட்டு வரிச் சட்டப்படி நீங்கள் வசிப்பவராகிவிட்டால், சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்தின் மொத்தம் ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், அவற்றை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் படிவம் கட்டாயம்; கூட்டுக் கணக்கில் உங்கள் பங்கை மட்டுமல்ல, முழுத் தொகையையும் காட்டவேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை, அங்கே உண்டு. நம் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அங்குள்ள விதிகள் மிகக் கடுமையானவை என்பதால், அவற்றில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. முதலீட்டைத் தொடர்வதா என்பதைக் கிளம்புமுன் முடிவுசெய்யுங்கள். எஃப்பார் படிவம் வருமான வரிப் படிவத்தோடு சேர்ந்ததல்ல. இணையத்தில் தனியாக, கட்டணமின்றித் தாக்கல் செய்யலாம். கெடு ஏப்ரல் 15. தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு.