கணினி கேள்வி–பதில்: ஏ.பி.ஐ. பிழை சொன்னால் என்ன செய்வது?

நோட்.ஜே.எஸ். சர்வரிலிருந்து கூரியர் ஏ.பி.ஐ. (நிரலோடு நிரல் பேசும் வழி) ஒன்றை ஃபெட்ச் கட்டளை வழியாக அழைக்கிறேன். சில நேரம் 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <' என்று வந்து நின்றுவிடுகிறது. ஜேசனில் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) எங்கே தப்பு?
– வாசகர், ஈரோடு

வந்தது ஜேசனே இல்லை. அந்த '<' ஓர் எச்.டி.எம்.எல். பக்கத்தின் முதல் எழுத்து. பின்னால் இருக்கும் சர்வர் படுத்துவிட்டால், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் மாதிரியான ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) தன் சொந்த 502 பிழைப் பக்கத்தை அனுப்பிவிடும். நீங்கள் அதை ஜேசன் என்று நம்பிப் பிரிக்கிறீர்கள்.

404 (கேட்டது இல்லை) வந்தாலும் 500 (சர்வர் பிழை) வந்தாலும் ஃபெட்சைப் பொறுத்தவரை அது வெற்றிதான், பதில் வந்துவிட்டதல்லவா! இணைப்பு அறுந்தால்தான் பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குப் போகும். ஆகவே முதலில் ரெஸ்பான்ஸ்.ஓகே பாருங்கள், 200 முதல் 299 வரைதான் அது 'ட்ரூ'. அடுத்து, வந்தது எந்த வடிவம் என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெட்டர். ஜேசன் என்றிருந்தால் பிரியுங்கள். இல்லையென்றால் டெக்ஸ்ட்டாகப் படித்து, முதல் 200 எழுத்தை ஸ்டேட்டஸ் எண்ணோடு லாகில் போடுங்கள். 'அப்ளிகேஷன்/ப்ராப்ளம்+ஜேசன்' என்று வந்தால் அதுவும் ஜேசன்தான்; பிழைகளுக்கென்றே ஆர்.எஃப்.சி. 9457 என்ற இணையத் தர ஆவணம் (2023) வகுத்த வடிவம். அதில் 'டீடெய்ல்' மனிதர் படிக்க. நிரலில் இஃப் போடுவதானால் 'டைப்' மதிப்பை வைத்துப் போடுங்கள். வாசகத்தை எவரும் எப்போதும் மாற்றலாம்.

429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) வந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது? ரிட்ரை-ஆஃப்டர் ஹெட்டரைப் படித்தும், என் நிரல் சில நேரம் துளியும் காத்திருப்பதில்லை.
– வாசகர், நாகர்கோவில்

அந்த ஹெட்டரில் விநாடி எண்ணும் வரலாம், ஜி.எம்.டி. தேதியும் வரலாம். தேதியை பார்ஸ்இன்ட்டில் கொடுத்தால் 'நாட்-எ-நம்பர்' (எண் அல்ல). அதை செட்டைம்அவுட்டுக்குக் கொடுத்தால் உடனே ஓடிவிடும். இரண்டையும் கையாளுங்கள். ஹெட்டரே இல்லையென்றால் 1, 2, 4, 8 விநாடி என்று இரட்டித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரேண்டம் நேரம் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் 20 வொர்க்கரும் (ஒரே வேளையில் ஓடும் நிரல்கள்) ஒரே நொடியில் போய்க் கதவைத் தட்டும். ஐந்து முயற்சியோடு விட்டுவிடுங்கள். 400, 422 (கோரிக்கையிலேயே தவறு), 403 (அனுமதி இல்லை) ஆகியவற்றுக்கு மறுமுயற்சியே வேண்டாம். அதே கோரிக்கைக்கு அதே பதில்தான்.

401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வந்தால்?
– வாசகர், மதுரை

லாகின் டோக்கனைப் புதுப்பித்து ஒரே ஒரு முறை மறுபடி முயலுங்கள். மறுபடியும் 401 என்றால் லாகின் பக்கம்.

பணம் செலுத்தும் அழைப்புக்கு 504 வந்தது. மறுபடி அனுப்பினேன், வாடிக்கையாளரிடம் இருமுறை பிடித்துவிட்டது.
– வாசகர், சேலம்

504 என்றால் கேட்வே காத்திருந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். வேலை உள்ளே முடிந்திருக்கலாம். இதற்குத்தான் ஐடெம்பொட்டன்சி கீ: ஒரே கோரிக்கை இருமுறை வந்தாலும் வேலை ஒருமுறைதான் நடக்க வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் அடையாளம். பட்டனை அழுத்தியதும் ஒரு யூ.யூ.ஐ.டி. (வேறெதற்கும் பொருந்தாத தனி அடையாளம்) உருவாக்கி, ஆர்டரோடு டேட்டாபேஸில் எழுதிவிட்டு, பிறகு அனுப்புங்கள். மறுமுயற்சியிலும் அதே கீ. பலர் கீ உருவாக்கும் வரியை ரிட்ரை ஃபங்ஷனுக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் புது கீ போனால் சர்வருக்கு அது புது ஆர்டர்தான். கீயை ஏற்காத ஏ.பி.ஐ. என்றால், உங்கள் ஆர்டர் எண்ணைக் கொடுத்து நிலவரம் கேட்டுவிட்டு, அது பதிவாகவில்லை என்று உறுதியான பிறகே அடுத்த போஸ்ட் கோரிக்கை.