மணிக்கட்டு வலி: கேட்டவர்களுக்குப் பதில்

கை மூட்டு வலிகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன். மருந்து, ஊசி விஷயத்தில் உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

கேள்வி: ஸ்கேனில் ‘மணிக்கட்டு பர்சைட்டிஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

எலும்பும் தசைநாணும் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு) உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் வழவழப்பான சின்னப் பை ஒன்று இருக்கும். அதுதான் பர்சா. அது வீங்கினால் பர்சைட்டிஸ். தோள், முழங்கை, முழங்காலில் அடிக்கடி பார்ப்போம், மணிக்கட்டில் அபூர்வம். உள்ளங்கைப் பக்கம் பர்சா என்ற பெயரில் இரண்டு உண்டு. கட்டைவிரலை மடக்கும் நாணைச் சுற்றி ஒன்று, மற்ற விரல்களை மடக்கும் நாண்களைச் சுற்றி இன்னொன்று. பெயர்தான் பர்சா, வேலையில் அவை நாண்களின் உறை. அதனால் ரிப்போர்ட்டில் உள்ள பெயரைவிட, எந்த இடத்தில், எதைச் செய்யும்போது வலிக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். தூக்கும்போதெல்லாம் கட்டைவிரலுக்குக் கீழே உயிர் போகிற மாதிரி வலி. சுளுக்கு என்று மாமியார் தினமும் எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்.

முதலில் உருவுவதை நிறுத்துங்கள், அம்மா. மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். மற்ற கையிலும் செய்து பாருங்கள். ஒரு கையில் மட்டும் சுள்ளென்று இழுத்தால் பெரும்பாலும் ‘டி குவர்வேன்’ பிரச்சினைதான். சுவிஸ் அறுவை மருத்துவர் ஒருவர் 1895-இல் விவரித்ததால் அவர் பெயரே நின்றுவிட்டது. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு நாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் போகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் நாண் நகர இடமில்லை.

குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்குவதுதான் வினை. உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையைப் புட்டத்துக்குக் கீழும் மற்றதை முதுகுக்குக் கீழும் கொடுத்து, முழங்கையின் பலத்தில் அள்ளி எடுங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். மணிக்கட்டை மட்டும் சுற்றும் எலாஸ்டிக் பட்டையால் இதற்குப் பெரிய பயனில்லை. துணி சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைக்கலாம். துணி பிழிவதைக் கொஞ்ச நாள் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். இதற்கும் கேட்காவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி. பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். அறுவை சிகிச்சை கடைசி வழி.

கேள்வி: எனக்கும் அதேதான். தையல் தொழில், சர்க்கரை உண்டு. ஊசி போடலாமா?

போடலாம், ஆனால் சர்க்கரை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குத்திய இடத்தில் தோல் வெளுக்கலாம்; நிறம் திரும்பப் பல மாதம் ஆகும்.

கேள்வி: மணிக்கட்டின் மேல்பக்கம் கோலிக்குண்டு போல ஒரு கட்டி. வலி இல்லை.

பெரும்பாலும் கேங்லியான். உள்ளே ஜெல்லி மாதிரி திரவம்; டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவும். ஒருமுறை காட்டி உறுதி செய்துவிட்டு, வலிக்காதவரை அப்படியே விடலாம். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தானாகவே கரைந்துவிடும். கனமான புத்தகத்தால் அடித்து உடைக்கிற பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு எட்டு மாதமாக உள்ளங்கையிலும் மணிக்கட்டுக்கு மேலேயும் வீக்கம். ஒன்றை அமுக்கினால் மற்றது புடைக்கிறது. வலி குறைவு, விரல்கள் மரத்துப்போகின்றன.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன உள்ளங்கைப் பக்க உறை நிறையத் திரவம் சேர்ந்து, நடுவில் உள்ள பட்டையான தசைநார் அதை இடுப்பில் கயிறு கட்டியது போல இறுக்கும்போது, இப்படி மேலும் கீழும் இரண்டு வீக்கமாகத் தெரியும். விரல் மரப்பது அந்தப் பட்டைக்குக் கீழே நரம்பு நசுங்குவதால். முடக்குவாதத்திலும் இது வரும். ஆனால் நம் ஊரில் காசநோயை நினைக்காமல் விடக்கூடாது. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே காசநோய் கையில் உட்கார்ந்துவிடும். அறுத்துப் பார்த்தால் உள்ளே அரிசிமணி போலச் சின்னச் சின்னத் துகள்கள் கொட்டும். திசுவை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். காசநோய்தான் என்றால் மாத்திரை மாதக்கணக்கில். அரசு மருத்துவமனையில் இலவசம். வீங்கிய உறையை நீக்க அறுவையும் தேவைப்படலாம். காரணம் தெரியும்வரை யார் சொன்னாலும் ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நேற்று மீன் கழுவும்போது சுண்டுவிரலில் முள் குத்திவிட்டது. இன்று விரல் முழுக்க வீங்கி மடங்கியே நிற்கிறது, நீட்டினால் தாங்கவில்லை. மணிக்கட்டும் வலிக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

வேண்டாம். விரலை மடக்கும் நாணின் உறைக்குள் சீழ் பிடிப்பதன் அடையாளம் இது. சுண்டுவிரல் உறை பலருக்கும் மணிக்கட்டுவரை ஒரே குழாயாகப் போகும். சீழ் அங்கிருந்து கட்டைவிரலுக்கும் பரவும். நாண் அழுகினால் விரல் மடங்காது. மற்றவர்களின் பதிலை அப்புறம் படியுங்கள், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.